பங்காளிகளின் அணி: தொழில் ரியாலிட்டி ஷோக்களில் தலைவர்கள் ஏன் முட்டிக்கொள்கிறார்கள்?

சென்னையின் புறநகர்ப் பொறியியல் கல்லூரிகளில் வளாக நேர்காணல் நடக்கும் நாட்களில், ஜி.டி. எனப்படும் குழு விவாதத்தைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். பத்துப் பேர் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். தலைப்பு அறிவிக்கப்பட்ட இரண்டாவது நிமிடத்திலேயே நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர், மற்ற நால்வரையும்விடக் குரலை உயர்த்தி, 'ஃப்ரெண்ட்ஸ், எல்லாருக்கும் பேச வாய்ப்பு கொடுக்கலாம்' என்பார். பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயர் 'மீன்சந்தை'. மூலையில் அமர்ந்து குறிப்பெடுப்பவரின் தாளில் தலைமைப் பண்புக்கு ஒரு கட்டமும், பிறரோடு இணைந்து செயல்படுவதற்கு இன்னொரு கட்டமும் இருக்கும். இரண்டு கட்டங்களும் நிறைய வேண்டுமானால், அதே வேலைக்குப் போட்டியிடும் ஒன்பது பேரையும் அடக்கவும் வேண்டும், அணைக்கவும் வேண்டும். அதற்குக் கிடைப்பதோ பதினைந்து நிமிடம். அங்கே கத்தும் பிள்ளைகள் வீட்டிலும் விடுதியிலும் அப்படிக் கத்துகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை.

தொழில் சார்ந்த ரியாலிட்டி நிகழ்ச்சிகள் இந்த ஜி.டி. அறையைப் பல வாரங்களுக்கு நீட்டி, சுற்றிலும் கேமராக்களைப் பொருத்தி, தோற்றவர் பெட்டியோடு வெளியேறும் காட்சியையும் சேர்த்து உருவாக்கப்பட்டவை. போட்டியாளர்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்டால் பார்வையாளர்கள் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள்: அந்தப் பெண்ணுக்குத் திமிர், இந்த ஆளுக்கு வாய் நீளம், இன்னொருவருக்கு முதுகெலும்பே இல்லை. ஆளின் குணத்திலிருந்து தொடங்கும் இந்த விளக்கம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்ட விதிகளைப் படித்துவிட்டுக் காட்சிகளைப் பார்த்தால், அந்தச் சண்டைகளில் பெரும்பகுதி ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டுவிட்டது தெரியும்.

இந்த வகைக்கு முன்மாதிரியாக அமைந்தது, அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 2004 ஜனவரியில் தொடங்கிய 'தி அப்ரெண்டிஸ்'. தயாரிப்பாளர் மார்க் பர்னெட்; முதலாளி இடத்தில் அமர்ந்தவர் நியூயார்க் ரியல் எஸ்டேட் வியாபாரி டொனால்ட் டிரம்ப். முதல் பருவத்துக்கு 2,15,000 பேர் விண்ணப்பித்ததாகவும் அவர்களில் 16 பேரைத் தேர்ந்தெடுத்ததாகவும் நிகழ்ச்சி தன் தொடக்கத்திலேயே பெருமையோடு அறிவித்தது. எட்டு ஆண்கள் ஓர் அணி, எட்டுப் பெண்கள் மற்றோர் அணி. வாரத்துக்கு ஒரு டாஸ்க். ஒவ்வொன்றுக்கும் அணிக்குள்ளிருந்தே ஒருவர் புராஜெக்ட் மேனேஜர். தோற்ற அணியின் மேனேஜர் தன்னோடு இன்னும் சிலரை, வழக்கமாக இருவரை, டிரம்ப் தீர்ப்புச் சொல்லும் போர்டு ரூமுக்கு அழைத்து வர வேண்டும். அவர்களுள் ஒருவர் நீக்கப்படுவார். கடைசியில் எஞ்சும் ஒருவருக்கு, ஆண்டுக்கு 2,50,000 டாலர் சம்பளத்தில் டிரம்ப் நிறுவனத்தில் வேலை. இறுதி நிகழ்ச்சியை ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் பார்த்தார்கள்.

முதல் டாஸ்க் எலுமிச்சைச் சாறு விற்பது. அணிக்கு 250 டாலர் முதல். நம் ஊரில் பாண்டி பஜார் நடைபாதையில் கடை போடுவதா, மெரினா உட்புறச் சாலையில் போடுவதா என்று யோசிப்பதைப் போல, இடத்தைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. பெண்கள் அணி நடமாட்டம் மிகுந்த மன்ஹாட்டன் நடுப்பகுதிக்குப் போய் விலையை ஏற்றி விற்றது. ஆண்கள் அணி ஃபுல்டன் மீன்சந்தைப் பக்கம் போய்க் கடை விரித்தது. (ஜி.டி. பயிற்சியாளர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.) சாம் சோலோவே என்பவர் ஒரு கோப்பையை 1,000 டாலருக்கு விற்றுக் காட்டுகிறேன் என்று கிளம்பி நேரத்தை வீணாக்கினார். ஆண்கள் தோற்றார்கள். மேனேஜராக இருந்த டிராய் மெக்லெய்ன், சாமையும் டேவிட் கூல்டையும் போர்டு ரூமுக்கு அழைத்துச் சென்றார். நீக்கப்பட்டவர் டேவிட். மருத்துவப் பட்டமும் எம்.பி.ஏ.வும் பெற்றிருந்த அவர், தெருவில் நின்று கூவி விற்பது தமக்கு இயல்பாக வராது என்பதை மறைக்காதவர்.

மீதிப் பதினைந்து பேரும் அந்த முதல் வாரத்தில் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இடத்தேர்வின் பொறுப்பு மேனேஜருடையது, அவர் தப்பித்தார். 1,000 டாலர் கோப்பையோடு அலைந்தவரும் தப்பித்தார். தன் பலவீனத்தை ஒளிக்காதவர் வெளியேறினார். முதல் கோணல் முற்றும் கோணல் என்பதுபோல், அதற்குப் பிறகு தம் குறையைத் தாமே சொல்லும் துணிவு ஒருவருக்கும் எளிதில் வந்திருக்காது. அணியில் குறையைச் சொல்ல முடியாவிட்டால் வேலையைத் தகுதி பார்த்துப் பங்கிட முடியாது. பங்கீடு தவறினால் வேலை கெடும். கெட்டபின் பழி போட ஆள் தேட வேண்டியதுதான்.

தமிழில் பங்காளி என்ற சொல் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. ஒரே சொத்தில் பங்குடையவன் பங்காளி. அதனாலேயே வரப்புத் தகராறில் எதிரே நிற்பவனும் அவனே. ஊரார் வந்தால் ஒன்றாக நிற்பார்கள். ஊரார் போனபின் அளவுகோலைத் தூக்குவார்கள். அப்ரெண்டிஸ் அணியின் உறுப்பினர்கள் முழு அர்த்தத்தில் பங்காளிகள். டாஸ்க் நடக்கும்போது அவர்கள் எதிரணிக்கு எதிராக ஒன்றாக உழைக்க வேண்டும். தோற்ற மறுநிமிடம், தன் அருகில் உட்கார்ந்திருப்பவன் வெளியேறினால்தான் தனக்கு இன்னொரு வாரம் கிடைக்கும். வென்றாலும் நிலை பெரிதாக மாறாது, ஏனென்றால் கடைசியில் வேலை ஒருவருக்குத்தான். வெற்றிக்கு மிகவும் உதவிய திறமைசாலி, பிந்தைய வாரங்களில் மற்றவர்களுக்கு மிகவும் ஆபத்தான ஆளாகிவிடுகிறார்.

இவர்களுக்குத் தலைமை தாங்குகிறவரின் கையில் என்ன இருக்கிறது? அணியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. டாஸ்க்கின் நடுவே யாரையும் அனுப்பிவிடும் வழக்கமும் இல்லை. அவர் சொல்வதைக் கேட்டால் நாளைக்கு நன்மை உண்டு என்று எவருக்கும் வாக்களிக்கவும் முடியாது, ஏனெனில் நாளைக்கு மேனேஜர் வேறொருவர். அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம், தோற்றபின் போர்டு ரூமுக்கு யாரை அழைத்துப் போவது என்ற உரிமை. அது மிரட்டப் பயன்படும், வழிநடத்தப் பயன்படாது. தோல்வியின் பழியில் மட்டும் முதல் பங்கு அவருக்கு.

இதோடு ஒப்பிட, மேற்கு மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ உள்ள ஒரு கல்யாண சமையல் குழுவை எடுத்துக்கொள்ளலாம். நெருக்கடியில் அது எந்த டாஸ்க்குக்கும் குறைந்ததில்லை. காலை ஏழு மணிக்கு முதல் பந்தி; இரவு இரண்டு மணிக்கே அடுப்பு பற்றவைத்தாக வேண்டும்; ஐந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு எழுநூறு பேரை அழைத்திருப்பார்கள் பெண் வீட்டார். ஆனால் காய் நறுக்குகிறவர் தலைமைச் சமையல்காரரைத் தோற்கடிக்க நினைப்பதில்லை. ஆட்களைக் கூட்டி வந்தவரும், கூலி கொடுப்பவரும், சாம்பாரில் உப்பு கூடினால் மண்டபத்துக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவரும் ஒரே ஆள். அதிகாரமும் பொறுப்பும் அவர் தலைமேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த முகூர்த்தத்துக்கும் இதே ஆட்கள்தான் வர வேண்டும் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். திட்டு விழும், பாத்திரம் பறக்கும்; ஆனால் விடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடிப்பார்கள். மறுபடி சந்தித்தே ஆக வேண்டும் என்ற நிலை மனிதர்களை ஓர் அளவுக்கு மேல் போகவிடுவதில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியோ வாரத்துக்கு ஒருவரைக் கழித்துக்கொண்டே போகிறது. சேர்ந்து வாழ வேண்டிய எதிர்காலம் அதில் வாரந்தோறும் சுருங்குகிறது.

முதல் பருவத்தின் பெண்கள் அணி இதற்கு நல்ல சான்று. அவர்கள் முதல் நான்கு டாஸ்க்குகளையும் தொடர்ச்சியாக வென்றார்கள். அந்த நான்கு வாரங்களிலும் அவர்களுக்குள் பிணக்குகள் இருந்தன. குறிப்பாக, ஓமரோசா மனிகால்ட்டுக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கவர்ச்சியைக் காட்டி விற்பதில் எல்லை தாண்டப் பார்க்கிறீர்கள் என்று டிரம்ப் தரப்பிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. ஆனால் வென்றுகொண்டே இருந்ததால் போர்டு ரூமில் பழிபோட வேண்டிய தேவை எழவில்லை; சண்டை இருந்தும் அது யாரையும் வெளியேற்றவில்லை. ஐந்தாவது வாரத்தில், நான்காகக் குறைந்திருந்த ஆண்களையும் எட்டுப் பெண்களையும் கலந்து அணிகளைப் புதிதாக அமைத்தார்கள். அடுத்த ஐந்து வாரங்களில் நீக்கப்பட்ட ஐவருமே பெண்கள். நான்கு வாரம் வென்ற திறமை ஒரே நாளில் ஆவியாகிவிடவில்லை. வெற்றி மூடிவைத்திருந்த கணக்குகள், தோல்வி வந்ததும் போர்டு ரூமில் திறக்கப்பட்டன. அந்த ஐவரில் ஜெஸ்ஸி கானர்ஸ் நீக்கப்பட்ட விதம் இன்னும் உறுத்துகிறது: ஓமரோசா கடுமையாகப் பேசியபோது எதிர்த்துப் பேசாமல் பொறுத்துக்கொண்டது அவர்மேல் குற்றமாக வைக்கப்பட்டது. அதாவது, திட்டியவர் தங்கினார், வாங்கிக்கொண்டவர் போனார். சண்டை போடாமல் இருப்பதும் குற்றமென்று தீர்ப்பு வந்தபின் அமைதியாக இருக்க யாருக்குத் துணிவு வரும்?

அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி, தலைமைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஒரு பாடம்போலக் காட்டியது. எஞ்சியவர்கள் இருவர். சிகாகோக்காரரான பில் ரான்சிக் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். எல்லாவற்றிலும் தலையிட்டு, பதறிப் பதறி வேலை செய்கிறவர். குவாமி ஜாக்சன் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து, கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் பணியாற்றியவர், குரல் உயர்த்தாதவர், வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நம்புகிறவர். முன்பு நீக்கப்பட்டவர்களிலிருந்தே இருவருக்கும் அணிகள் அமைந்தன. பில் ஒரு கோல்ஃப் போட்டியை நடத்த வேண்டும். குவாமி அட்லாண்டிக் சிட்டியில் பாடகி ஜெசிகா சிம்ப்சனின் இசை நிகழ்ச்சியை நடத்த வேண்டும். குவாமியின் அணியில் ஓமரோசா. ஏற்பாடுகளில் அவர் குழப்பம் விளைவித்ததோடு, அதுபற்றிக் குவாமியிடம் உண்மையையும் மறைத்தார். குவாமி பொறுத்துப் போனார். இறுதி விசாரணையில், ஓமரோசாவை ஏன் நீக்கவில்லை என்ற கேள்வி வந்தபோது, தமக்கு அந்த அதிகாரம் இருந்ததே தெரியாது என்றார் குவாமி. வென்றவர் பில்.

அன்று பலர் குவாமியின் மென்மையைக் குறை சொன்னார்கள். தலைவனுக்குக் கொஞ்சம் கடுமை வேண்டாமா என்பது பொதுவான தீர்ப்பு. எனக்கு அவருடைய பதில்தான் முக்கியமாகத் தெரிகிறது. அத்தனை வாரங்களாக, ஆளை நீக்கும் உரிமை போர்டு ரூம் மேஜையின் மறுபக்கத்தில் மட்டுமே இருந்ததை அவர் பார்த்து வந்தார். கடைசி வாரத்தில், சொல்லப்படாத ஓர் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்த்தார்கள். துணிந்து எடுத்திருந்தால் 'தலைவன்' என்றிருப்பார்கள். எடுத்து, அது விதிமீறல் என்று ஆகியிருந்தால் 'அதிகப்பிரசங்கி' என்றிருப்பார்கள். ஓமரோசாவின் கதை அதோடு முடியவில்லை. டிரம்ப் 2017-இல் அமெரிக்க அதிபரானபோது அவரும் வெள்ளை மாளிகையில் பதவி பெற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார்.

விதியை ஓர் அங்குலம் நகர்த்தினால் நடத்தை எவ்வளவு மாறும் என்பதை இரண்டாம் பருவம் காட்டியது. மேனேஜர் பொறுப்பு வெறும் ஆபத்தாக இருந்தால் ஆட்கள் பின்வாங்குவார்கள் என்பதால், வென்ற மேனேஜருக்கு அடுத்த வாரம் நீக்கத்திலிருந்து விலக்கு என்று சலுகை கொடுத்தார்கள். பிராட்ஃபோர்ட் கோஹென் அந்த விலக்கைப் பெற்றார். மறுவாரமே அவருடைய அணி தோற்றது. நான் எவருக்கும் சளைத்தவனில்லை என்று காட்டும் வேகத்தில், போர்டு ரூமில் தம் விலக்கை அவரே விட்டுக்கொடுத்தார். அந்தத் தோல்வியில் அவருக்குப் பெரிய பங்கு இல்லை. இருந்தும், யோசிக்காமல் முடிவெடுக்கிறவர் என்று சொல்லி அவரையே நீக்கினார் டிரம்ப். சக போட்டியாளர்களுக்குத் தோழமை காட்டும் செயலாகவும், வீண் வீரமாகவும், இரண்டுமாகவும் அதைப் படிக்கலாம். போர்டு ரூம் ஒரு வாசிப்பைத்தான் அனுமதித்தது.

சென்னைப் பார்வையாளர்களுக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டியது பிக் பாஸ். பூந்தமல்லியைத் தாண்டி ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் அமைந்த அரங்க வீட்டில், 2017 ஜூனில் கமல் ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கிய தமிழ்ப் பதிப்பில், வீட்டுத் தலைவராகிறவருக்குப் பொதுவாக அந்த வார நாமினேஷனிலிருந்து, அதாவது வெளியேற்றத்துக்கான பெயர்ப்பட்டியலிலிருந்து, விலக்கு உண்டு. அது தொழில் நிகழ்ச்சி இல்லை என்றாலும் ஒப்பீடு பயன்தரும். அங்கே தலைமை என்பது கேடயம். ஆகவே அதைப் பிடிக்கச் சண்டை நடக்கிறது, பிடித்தபின் சமையல், துப்புரவு என்று வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதில் இரண்டாம் சண்டை நடக்கிறது. அப்ரெண்டிஸில் தலைமை என்பது தூண்டிலில் மாட்டிய புழு. தோற்கும் வாரத்தில் அது வேண்டாதவர் தலையில் விழ வேண்டும் என்றே மற்றவர்கள் விரும்புவார்கள். தமக்குத் தெரிந்த துறையில் டாஸ்க் வரும்வரை ஒதுங்கி நிற்பவர்களும், பலவீனமான ஒருவரை 'நீங்கதான் சரியான ஆள்' என்று உசுப்பிவிடுபவர்களும் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. ஒரே ஆளை இரண்டு வீடுகளிலும் விட்டால் இரண்டு விதமாகத்தான் நடந்துகொள்வார்.

பிரிட்டனில் பிபிசி 2005-இல் தொடங்கிய பதிப்பில் முதலாளி ஆலன் சுகர். 16 வயதில் பள்ளியை விட்டு, வேனில் பொருள் வைத்து விற்று, 1968-இல் ஆம்ஸ்ட்ராட் என்ற மின்னணுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். அங்கும் தோற்ற மேனேஜர் இருவரை அழைத்து வருவார்; மூவரில் ஒருவர் போவார். தொடக்கத்தில் பரிசு ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு சம்பளத்தில் வேலை. 2011-இல் அதை மாற்றி, வெல்பவரின் தொழிலில் சுகர் 2,50,000 பவுண்டு முதலீடு செய்து பாதிப் பங்கு எடுத்துக்கொள்வார் என்றார்கள். ஆட்டத்தின் உடல் அப்படியே இருக்க, தலையை மட்டும் மாற்றியது போன்ற ஏற்பாடு இது. விளைவு அந்தப் பருவத்திலேயே தெரிந்தது. ஹெலன் மில்லிகன் ஏறக்குறைய எல்லா டாஸ்க்குகளிலும் வென்ற அணியில் இருந்தார். திட்டமிடுவதிலும் ஆட்களை வேலை வாங்குவதிலும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. டாம் பெலரோ பெரும்பாலான டாஸ்க்குகளில் தோற்ற அணியில் இருந்தார். அடிக்கடி தடுமாறுவார், தமக்குச் சரியென்று பட்டதை உரக்கச் சொல்லவும் மாட்டார். வென்றவர் டாம். அவர் ஒரு கண்டுபிடிப்பாளர். வளைந்த நகத்தேய்ப்பான் ஒன்றை முன்பே உருவாக்கியிருந்தவர். சுகருக்கு வேண்டியிருந்தது விற்கக்கூடிய பொருளும் கூட்டாளியும். அப்படியானால் பத்து வாரங்களாக வென்று காட்டிய தலைமை எதற்கு மதிப்பெண் பெற்றது? தேர்வு ஒன்று, வேலை வேறொன்று என்பது நம் போட்டித் தேர்வுகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை.

இவ்வளவு விதிகள் கண்ணெதிரே இருக்கும்போது நாம் ஏன் ஆளின் குணத்தையே பிடித்துக்கொள்கிறோம்? சமூக உளவியலில் இதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும், கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவர் தாமாக அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு அது ஒதுக்கப்பட்டது என்று சொல்லியும், ஆதரவுக் கட்டுரை எழுதியவர் உள்ளூர ஆதரவாளர்தான் என்று நினைக்கும் போக்கு படித்தவர்களிடம் மறையவில்லை. சூழ்நிலை தெரிந்திருந்தும் மனம் ஆளையே பார்க்கும் இந்தப் பிழைக்கு 1977-இல் லீ ராஸ் 'அடிப்படைக் காரணங்கற்பிப்புப் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். தொலைக்காட்சி அந்தப் பிழையை நம்பித் தொழில் நடத்துகிறது. பல நாள் படப்பிடிப்பு ஒரு மணி நேரமாக வெட்டப்படும்போது, ஆளுக்கு ஒரு குணம்தான் மிஞ்சும். மூன்று மணி நேரம் அமைதியாகக் கணக்குப் பார்த்தது வெட்டில் போய்விடும். பொறுமையிழந்து சொன்ன ஒரு வாக்கியம் முன்னோட்டத்திலும் வரும், நிகழ்ச்சியிலும் வரும், அடுத்த வாரத்து 'இதுவரை' பகுதியிலும் வரும். ஆட்களைத் தேர்வு செய்யும்போதே ஒத்துப்போகாத இயல்புடையவர்களை அருகருகே வைக்கிறார்கள். எட்டுப் பேரும் தலைமை தாங்கிப் பழகியவர்கள் என்றால், தலைக்குத் தலை நாட்டாமை என்று நம்மூரில் சொல்வது நடக்காமல் என்ன செய்யும்?

இதில் பெண்களுக்கு நேர்வது தனிக் கணக்கு. ஓர் ஆண் மேனேஜர் 'நான் சொன்னதைச் செய்யுங்கள்' என்றால் அது உறுதி. பெண் சொன்னால் அதற்கு வேறு பெயர். தமிழ்த் தொலைக்காட்சியில் அந்தப் பெயர் என்ன என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஓமரோசா நல்லவிதமாக நடந்துகொண்டார் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த சாம் சோலோவேயை மக்கள் வேடிக்கை மனிதராகவும், ஓமரோசாவை வில்லியாகவும் நினைவில் வைத்திருப்பதற்கு அவரவர் செயல் மட்டும் காரணமில்லை.

குழுக்கள் உருவாகும் விதம் பற்றி 1965-இல் உளவியலாளர் புரூஸ் டக்மன் சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய குழு முதலில் கூடும், பிறகு கொந்தளிக்கும், பிறகு தனக்கென ஒழுங்குகளை வகுத்துக்கொள்ளும், அதன்பின்னே முழு வீச்சில் வேலை செய்யும். கொந்தளிப்பு நோயில்லை, வளர்ச்சியில் ஒரு படி. ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் அணிகள் ஒழுங்குக்கு வரும் தறுவாயில் ஒருவர் நீக்கப்படுவார், அல்லது அணிகள் கலைத்துக் கலக்கப்படும், அல்லது மேனேஜர் மாறுவார். மூன்றில் எது நடந்தாலும் குழு மீண்டும் கொந்தளிப்புக்கே திரும்பும். நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாம் படியில் நிறுத்திவைக்கப்பட்ட குழுக்களை.

பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தொலைக்காட்சிக் கதையாகத் தோன்றாது. டீம் லீட் என்ற பதவியில் நான் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். டெலிவரி தாமதமானால் கிளையண்ட்டின் அழைப்பு எனக்கு வரும். ஆனால் என்னோடு வேலை செய்தவர்களின் அப்ரைசல் மதிப்பீட்டை இறுதி செய்தவர் வேறு மாடியில் இருந்தார். ஆறு பேர் உள்ள குழுவில் ஒருவருக்குத்தான் உயர்ந்த மதிப்பீடு, ஒருவருக்குக் கட்டாயம் தாழ்ந்தது என்று மணி வடிவ வளைகோடு ஒன்றைக் காட்டினார்கள். ஆறு பேரும் நன்றாகச் செய்த ஆண்டிலும் அந்த ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. அதன்பின் ஒருவர் கற்ற நுணுக்கத்தை மற்றவருக்குச் சொல்லித்தருவது மெல்லக் குறைந்ததை நான் கண்ணாரக் கண்டேன். பணியாளர்களை உயர்ந்த 20, நடுத்தர 70, கடைசி 10 சதவீதம் என்று பிரித்துக் கடைசிப் பகுதியைக் கழிக்கும் முறையைப் பிரபலப்படுத்தியவர், 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். அதே வகைத் தரவரிசை முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. அதற்குள் அந்த முறை பல நாட்டு அலுவலகங்களுக்கும் வந்துவிட்டிருந்தது. வாரம் ஒருவரை நீக்கும் நிகழ்ச்சி ஏதோ வேற்றுலகக் கற்பனை என்று அதன் ரசிகர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

முதலீடு கேட்டு வரும் நிகழ்ச்சிகள் வேறு ரகம். ஜப்பானில் 2001-இல் பிறந்து, பிரிட்டன், அமெரிக்கா வழியாக 2021 டிசம்பரில் ஷார்க் டேங்க் இந்தியாவாக வந்த அந்த வடிவத்திலும், அதே சாயலில் 2025-இல் விஜய் டிவியில் தமிழில் வந்த ஸ்டார்ட்அப் சிங்கத்திலும், தொழில்முனைவோர் ஒருவரையொருவர் வீழ்த்த வேண்டியதில்லை. ஒருவருக்குப் பணம் கிடைத்தால் அடுத்தவருக்குக் கிடைக்காது என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதனால் உரசல் மேஜையின் மறுபக்கத்துக்கு, நல்ல பேரத்துக்காகப் போட்டியிடும் முதலீட்டாளர்களிடையே போய்விட்டது. சேர்ந்து வந்த இரு நிறுவனர்களுக்கிடையே பங்கு விகிதம் பற்றிய கேள்வி எழும் நொடிகளில் மட்டும் பங்காளி முகம் சற்றே தலைகாட்டும்.

ஆகவே, ஒரு நல்ல மனிதரை இந்த ஆட்டத்துக்குள் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, அப்ரெண்டிஸ் நான்காம் பருவத்தின் கடைசி நிமிடங்களைப் பார்க்கச் சொல்வேன். 2005 டிசம்பரில் நேரலையாக நடந்த இறுதி அது. ரேண்டல் பிங்கெட் பருவம் முழுதும் சக போட்டியாளர்களின் மதிப்பைப் பெற்றவர். அவருடைய அணியில் வேலை செய்யப் பிறர் விரும்பினார்கள். எதிரில் ரெபெக்கா ஜார்விஸ். டிரம்ப் ரேண்டலை வெற்றியாளராக அறிவித்தார். கைதட்டல் அடங்குவதற்குள், ரெபெக்காவையும் சேர்த்து வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ரேண்டலிடமே கேட்டார். ரேண்டல் மறுத்தார்; நிகழ்ச்சியின் பெயர் ஒருமையில்தான் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த நொடிவரை பெருந்தன்மைக்குப் பெயர் பெற்றிருந்தவர், பல பார்வையாளர்களின் கண்ணில் அற்ப மனிதராகிவிட்டார். அவர் அந்நிகழ்ச்சியின் முதல் கறுப்பின வெற்றியாளர். வெற்றியைப் பங்கிட்டுக்கொள்கிறாயா என்ற கேள்வி, அவருக்கு முன் வென்ற மூவரில் ஒருவரிடமும் கேட்கப்படவில்லை.